பாதியில் நிற்கும் துணி உலர்த்தி

தமிழ்நாட்டில் ஆடி மாதம் பிறந்தால் காற்று மிகும். மேற்குக் கரையிலோ அதே மாதத்தில் மழை மிகும். கொச்சியில் வாழும் நம்மவர்கள் அதனைக் கர்க்கடகம் என்று சொல்லப் பழகிவிட்டார்கள். இடவப்பாதி என மலையாள மக்கள் அழைக்கும் தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் வந்து இறங்கினால், செப்டம்பர் வரையில் விட்டும் தொட்டும் பெய்துகொண்டேயிருக்கும். பின்பு சிறிது ஓய்ந்து, ஐப்பசியில் துலாவர்ஷம் என்ற பெயருடன் பிற்பகல் இடியோடு திரும்பி வரும். ஆண்டொன்றுக்குச் சென்னையில் பெய்வது ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை. கொச்சியில் பெய்வது ஏறத்தாழ 300. இத்தனை மழையில் ஒரு குடும்பத்தின் அன்றாடத் துணிகளை எங்கே, எவ்வாறு உலர்த்துவது என்பது, பிழைப்பை நாடி இங்கே வந்து குடியேறிய தமிழர்களுக்கு எளிய கேள்வியன்று.

மட்டாஞ்சேரியிலுள்ள கொச்சங்காடியை எடுத்துக்கொள்வோம். செம்புத் தகடு வேய்ந்ததனால் செம்பிட்ட பள்ளி என்று பெயர் பெற்ற பழைய பள்ளிவாசல் இங்கேதான் இருக்கிறது. 1344-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் வழிபாட்டிடம் ஒன்றும் இங்கே இருந்து மறைந்தது. அதன் கல்வெட்டை இன்று பரதேசி யூத ஆலயத்தின் சுவரில் காணலாம். பெயரிலேயே அங்காடியைத் தாங்கிய இத்தகைய பழைய வாணிகப் பகுதிகளில் தெரு குறுகலாகவும் வீடு வீட்டை ஒட்டியும் இருப்பது இயல்பு. வெயில் காயும் மாதங்களிலேயே கொடி கட்ட இடம் தேடவேண்டும். மழைக் காலத்தில் அறைக்குள் கட்டிய கொடியில் மூன்று நாள் தொங்கிய சட்டை, நான்காம் நாள் பூசண வாடையோடு கைக்கு வரும்.

சலவையையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது வாடையோடு முடிகிற விஷயமன்று. வருவாயைத் தொடுகிற விஷயம். கோட்டைக் கொச்சியில் வேலி என்னும் இடத்திலுள்ள சலவைத் துறையில் தமிழ் வண்ணார் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வருகின்றனர். 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக்காரர்கள், தங்கள் படைவீரர்களின் உடுப்புகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோரைத் தமிழகத்திலிருந்து அழைத்து வந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அங்கே துணி உலர்த்தும் முறையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கவ்வி எதுவும் கிடையாது. தென்னை நார்க் கயிற்றை இரு புரியாக முறுக்கிக் கட்டி, புரிகளின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். துணி ஒன்றின்மேல் ஒன்று படியாமல் விரிந்து நிற்கிறது. காற்று இருபுறமும் தடையின்றிப் போகிறது. வெயிலுக்கு நிகராக இந்தக் காற்றோட்டமும் உலர்த்துகிறது என்பதை அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருக்கிறார்கள்.

இந்தக் காற்றோட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், நாம் இன்று பேசப்போகும் இயந்திரத்தைப் புரிந்துகொள்வது எளிது. துணி உலர்த்தும் இயந்திரம் என்பது வெயிலையும் காற்றையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்த ஏற்பாடேயன்றி வேறில்லை. அது ஓடிக்கொண்டிருக்கையில் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலோர் செய்வது, பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவது. பிறகு பக்கவாட்டில் ஓர் அடி கொடுப்பது. இரண்டுமே பயன்படா. நின்றதற்குக் காரணம் அநேகமாக இயந்திரம் கெட்டுப்போனதன்று. இயந்திரத்தின் உள்ளேயிருக்கும் காவல் ஒன்று வேண்டுமென்றே அதை நிறுத்தியிருக்கிறது. அந்தக் காவல் எதைக் கண்டு நிறுத்தியது என்று தேடுவதே முறை.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் டிரையர் என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு இயந்திரங்களைக் குறிக்கிறோம். இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரத்தின் ஒருபுறத்தில் துணியைப் போட்டு மூடினால் விர்ரென்று சுழன்று நீரைப் பிழிந்து தள்ளுகிறதே, அது பிழிப்பான். அதில் வெப்பம் கிடையாது. துணி ஈரப்பதத்தோடுதான் வெளிவரும். மற்றொன்று, சூடான காற்றைச் செலுத்தித் துணியைப் புரட்டிப் புரட்டி, மடித்து வைக்கலாம் என்னும் அளவுக்கு உலர்த்தித் தருவது. மழை மிகுந்த ஊர்களில் இவ்விரண்டாவது வகையை வாங்குவோர் இருக்கிறார்கள். பழுது பார்ப்பவரிடம் டிரையர் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னால், அவர் பிழிப்பானுக்குரிய உதிரிப்பாகத்தோடு வந்து நிற்பார். நாம் முதலில் இரண்டாவது வகையையே பார்ப்போம். பிழிப்பானைப் பின்னர் கவனிக்கலாம்.

மழைக் காலத்துக் கொச்சியில் காற்றின் வெப்பம் 26 டிகிரி சென்டிகிரேடு என்றும், ஈரப்பதம் நூற்றுக்குத் தொண்ணூறு என்றும் கொள்வோம். அந்த வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவி சுமார் 24 கிராம். அதில் 22 கிராம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. மிச்சமிருக்கும் இடம் இரண்டு, இரண்டரை கிராம்தான். துணியிலிருக்கும் நீர் எங்கே போகும்? போகாது, ஆகவேதான் சட்டை மூன்று நாள் தொங்குகிறது. அதே காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 130 கிராம் வரை தாங்கும். இருந்த 22 போக, நூறு கிராமுக்கு மேல் இடம் பிறக்கிறது. வெப்பம் செய்யும் உதவி இதுவே. ஆனால் நிறைந்த காற்றை உடனுக்குடன் வெளியேற்றிப் புதுக் காற்றை உள்ளே விடாவிட்டால், அந்த நூறு கிராமும் சில விநாடிகளில் நிரம்பிவிடும். பிறகு வெப்பம் துணியை உலர்த்தாது, பெட்டியைத்தான் சுடும்.

ஆகவே இயந்திரத்தினுள் நான்கு உறுப்புகள் ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது: துணியைப் புரட்டும் உருளை, அதைச் சுழற்றும் மோட்டார், காற்றைச் சூடாக்கும் கம்பிச் சுருள், காற்றை இழுத்துத் தள்ளும் விசிறி. பல இயந்திரங்களில் ஒரே மோட்டார் உருளையையும் விசிறியையும் சேர்த்துச் சுற்றுகிறது. காற்று வெளியேறும் வழியில் ஒரு சல்லடை வலை இருக்கும். துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசி அதில் தங்கும். இந்தப் பஞ்சு சாமானியமானதன்று. புதுத் துண்டு ஒன்றை முதன்முறை உலர்த்திப் பாருங்கள். வலையில் கம்பளிபோல் ஓர் அடுக்கு படிந்திருக்கும்.

இனி அந்தக் காவல்களைப் பற்றிச் சொல்வோம். முதலாவது, மோட்டாருக்குள்ளேயே பொதிந்த காவல். இரு வேறு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த சிறு நாக்கு அது. மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் நாக்கு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் தானே நேராகி மறுபடி இணைக்கும். இரண்டாவது, தெர்மோஸ்டாட். காற்றின் வெப்பத்தைப் பார்த்துக் கம்பிச் சுருளை அணைப்பதும் ஏற்றுவதும் அதன் வேலை. மூன்றாவது, வெப்ப ஃபியூஸ். தெர்மோஸ்டாட் தவறிப்போய் வெப்பம் எல்லை மீறும்போது அது தன்னையே அறுத்துக்கொள்ளும். ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான், ஆறினாலும் கூடாது. மாற்றியே ஆகவேண்டும்.

இந்த மூன்றின் குணத்தையும் அறிந்தவர்கள், இயந்திரம் நின்ற விதத்தைக்கொண்டே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடலாம். ஓடத் தொடங்கி இருபது நிமிஷம், முப்பது நிமிஷம் கழித்து நிற்கிறது. அரைமணி அல்லது முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் ஓடுகிறது. பிறகு முன்னிலும் விரைவாக நிற்கிறது. இது மோட்டாரின் நாக்கு வளைந்து நிமிரும் கதை. நின்றது நின்றதே, எவ்வளவு ஆறினாலும் அசைவில்லை, ஆனால் முகப்பில் விளக்கு எரிகிறது என்றால் வெப்ப ஃபியூஸ் அறுந்திருக்கலாம். சில இயந்திரங்களில் அந்த ஃபியூஸ் அறுந்தால் மோட்டார் நிற்காது. உருளை சுற்றிக்கொண்டேயிருக்கும், சூடு மட்டும் வராது. விளக்கே எரியாவிட்டால் கோளாறு இயந்திரத்திற்கு வெளியே, சுவரிலுள்ள பிளக்கிலோ மின்பலகையிலோ இருக்கக்கூடும்.

துணி இன்னும் ஈரமாயிருக்கையில், உலர்ந்துவிட்டது என்று அறிவித்துவிட்டு நிற்கும் இயந்திரமும் உண்டு. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. உருளையின் வாயருகே இரு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி அவற்றைத் தொட்டால் மிக நுண்ணிய மின்னோட்டம் பாயும்; காய்ந்த துணி தொட்டால் பாயாது. துணியை மென்மையாக்கச் சேர்க்கும் திரவத்தின் மெழுகுப் படிவு அந்தப் பட்டைகளை மூடிவிட்டால், இயந்திரம் ஈரத்தை உணரும் ஆற்றலை இழந்து முன்னதாகவே நின்றுவிடுகிறது. வினிகர் நனைத்த துணியால் பட்டைகளைத் துடைத்தால் போதும். ஒரே ஒரு வேட்டியையோ இரண்டு கைக்குட்டைகளையோ தனியே போட்டாலும் இதே ஏமாற்றம் நேரும். அவை பட்டைகளைச் சரியாகத் தொடுவதில்லை.

ஆறிய பின் மீண்டும் ஓடும் இயந்திரத்திற்கு வருவோம். காவல் மோட்டாரை நிறுத்தியது ஏன்? முதலில் பார்க்க வேண்டியது காற்றின் வழி. பிளக்கைப் பிடுங்கி, சூடு தணிந்த பின் சல்லடை வலையை எடுத்துப் பஞ்சைக் களையுங்கள். கண்ணுக்குச் சுத்தமாகத் தோன்றும் வலையும் அடைபட்டிருக்கக்கூடும். குழாய்த் தண்ணீரை அதன்மேல் விட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. நீர் வலைமேல் தேங்கி நின்றால் மெழுகுப் படிவு கண்களை அடைத்திருக்கிறது என்று அறியலாம். சோப்பு நீரும் மென்மையான துலக்கியும் கொண்டு கழுவி, நன்கு உலர்ந்த பின் பொருத்த வேண்டும். வலை பொருந்தும் குழிக்குள்ளும் பஞ்சு விழுந்திருக்கும். விரலுக்கு எட்டியவரை எடுத்துவிட வேண்டும்.

ஈரக்காற்றைக் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே தள்ளும் வகையாயின், அடுத்தபடி அந்தக் குழாயைப் பார்க்க வேண்டும். இடம் சிறிதாகையால் இயந்திரத்தைச் சுவரோடு சுவராகத் தள்ளிவிடுகிறோம். பின்னால் குழாய் நசுங்கிக் கிடக்கிறது. மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயின் ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சு தங்கும். உட்புறம் வழவழப்பான உலோகக் குழாய் குட்டையாகவும் நேராகவும் இருப்பதே உத்தமம். வெளிவாயில் குளவி கூடு கட்டியிருக்கலாம், பல்லி புகுந்திருக்கலாம், குருவி வைக்கோல் சேர்த்திருக்கலாம். பூச்சி வராமலிருக்கட்டும் என்று அந்த வாயில் கொசுவலை கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஈரப் பஞ்சு கொசுவலையில் அப்பிக்கொண்டு ஒரே வாரத்தில் அடைத்துவிடும். அந்த இடத்தில், காற்று வரும்போது தானே திறந்து நிற்கும்போது மூடும் மூடி தேவையே தவிர வலை கூடாது.

குழாயில்லாத வகை ஒன்று உண்டு. அது ஈரக்காற்றைக் குளிர்வித்து நீராக்கி ஒரு தொட்டியில் சேர்க்கிறது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் சம்மதிக்காதபோது நம்மவர்கள் நாடுவது இதைத்தான். தொட்டி நிறைந்தால் இது நின்றுவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியை முழுவதும் உள்ளே தள்ளினால் ஓடும். இவ்வளவு சிறிய காரணத்திற்காகப் பழுது பார்ப்பவரை அழைத்துக் கூலி கொடுத்தவர்கள் உண்டு. இதைவிட மறைவான காரணம் ஒன்றிருக்கிறது. பழைய வகைகள் ஈரக்காற்றைக் குளிர்விக்க அறையின் காற்றையே பயன்படுத்துகின்றன. மழைச் சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தி, கதவையும் மூடி, சிறிய அறையில் இதை ஓட்டினால் அறை அனலாகிவிடும். அனல் காற்று எதைக் குளிர்விக்கும்? நீராகாத ஆவி மீண்டும் துணிக்கே திரும்புகிறது; வெப்பம் ஏறுகிறது; காவல் நிறுத்திவிடுகிறது. கதவைத் திறந்து வைப்பதே மருந்து. வெப்பப் பம்பு வகை என்னும் புதிய இயந்திரம் ஏறத்தாழப் பாதி மின்சாரத்தில் இதே வேலையைச் செய்கிறது. ஆயினும் அதற்குள்ளிருக்கும் மெல்லிய தகட்டு அடுக்கில் பஞ்சு படிந்தால் அதுவும் நிற்கும்.

காற்றுக்கு அடுத்தது மின்சாரம். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,500 வாட் எடுக்கும் உலர்த்தி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 11 ஆம்பியர் இழுக்கிறது. விசிறிக்கும் விளக்குக்கும் உரிய 6 ஆம்பியர் சாக்கெட்டில் இதை மாட்டக்கூடாது. தடித்த முளைகளையுடைய 16 ஆம்பியர் சாக்கெட்டே வேண்டும். அதுவும் நேரே சுவரிலிருந்து வரவேண்டும். நீட்டிப்புக் கம்பி கூடாது. பிளக்கின் முளை கருத்திருந்தாலோ, ஓடிய பின் பிளக்கைத் தொட்டால் கை பொறுக்காத சூடு இருந்தாலோ, சாக்கெட்டின் பிடி தளர்ந்துவிட்டது. கடற்காற்றில் உப்பு உண்டு. பித்தளை முளையில் பச்சை பூத்து இந்தத் தளர்ச்சி விரைவில் வரும். இடையிடையே நின்று நின்று ஓடும் இயந்திரத்தில் இது கவனிக்க வேண்டிய இடம்.

மாலை வேளையில் மட்டும் நிற்கிறது, காலையில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் வோல்டேஜைச் சந்தேகிக்க வேண்டும். 230 இருக்கவேண்டிய இடத்தில் 180 வந்தால் சுருளின் வெப்பம் நூற்றுக்கு 61 பங்காகக் குறைந்துவிடும். வோல்டேஜ் குறையும் விகிதத்தின் வர்க்கத்தில் வெப்பம் குறைவதே காரணம். மோட்டாரின் முறுக்கு வலிமையும் அதே கணக்கில் விழும். நனைந்த போர்வையைச் சுமந்த உருளையைத் தள்ள முடியாமல் மோட்டார் திணறும், திணறும் மோட்டார் மிகுதியான மின்சாரத்தை இழுத்துச் சூடேறும், நாக்கு வளையும். அத்தகைய வீட்டில் இயந்திரத்தை எத்தனை முறை பழுது பார்த்தாலும் பயனில்லை. காலையில் ஓட்டுவது ஒரு வழி. துணியைக் குறைத்துப் போடுவது மற்றொரு வழி. தக்க திறனுள்ள ஸ்டெபிலைசர் வைப்பது செலவுள்ள வழி. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈ.எல்.சி.பி. விழுமானால் அது வேறு விஷயம். எங்கோ மின்சாரம் கசிகிறது. அதை மீண்டும் மீண்டும் தூக்கிவிட்டு ஓட்டலாகாது. மின் பணியாளர் வந்து பார்க்கும் வரை இயந்திரத்தைத் தொடாமலிருக்க வேண்டும்.

மோட்டாரின் உறுமல் கேட்கிறது, உருளை சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கும். கதவு சரியாகக் கவ்வாமல் அதிர்ச்சியில் விலகினாலும் இயந்திரம் நிற்கும். இவை பழுது பார்ப்பவர் விரைவில் முடித்துவிடக்கூடிய வேலைகள்.

இப்பொழுது பிழிப்பான். இதன் கோளாறுகளில் தலையாயது சமநிலை தவறுவது. ஒருபுறம் கனத்த ஜமக்காளமும் மறுபுறம் மெல்லிய ரவிக்கையுமாகப் போட்டால் கூடை ஆட்டங்கண்டு தொட்டியில் இடிக்கும். துணிகளை எடுத்து உதறி, சுற்றிலும் சமமாக வைத்து, மேலே அழுத்தும் பிளாஸ்டிக் தட்டையும் வைத்தால் சரியாகும். அந்தத் தட்டைத் தொலைத்துவிட்ட வீடுகளில் காலுறையோ கைக்குட்டையோ கூடைக்கும் தொட்டிக்கும் இடையே நழுவி விழுந்து அச்சில் சுற்றிக்கொள்ளும். வடிகுழாய் அடைபட்டு, பிழிந்த நீர் கூடைக்கு அடியில் தேங்கி இழுப்பதும் உண்டு. மூடியைத் திறந்தவுடன் கூடையை நிறுத்தும் தடைக்கம்பி துருப்பிடித்து இறுகினால், மூடிய பின்னும் தடை விலகாது. மோட்டார் உம்மென்று முனகி, சூடாகி, நின்றுவிடும். முனகல் மட்டும் இருந்து கூடை அசையாவிட்டால் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வீட்டிலுள்ளோர் அதில் கை வைக்க வேண்டாம். மூடியைத் திறந்துகொண்டு கூடையைக் கையால் தள்ளி ஓடவைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நிமிஷத்திற்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் கூடையில் சேலைத் தலைப்பு சிக்கினால் கையை மீட்க அவகாசம் இராது.

நன்றாகப் பிழிந்த துணியே உலர்த்திக்கு ஏற்றது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். மூன்று கிலோ பருத்தித் துணி நன்கு பிழிந்த பின்னும் ஒன்றரை லிட்டர் நீரை வைத்துக்கொண்டிருக்கும். அந்த நீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். சொட்டச் சொட்டப் போட்டால் அது இரு மடங்கு, மும்மடங்கு ஆகும். உருளையின் சுமையும் அப்படியே.

வெப்ப ஃபியூஸைப் பற்றி முன்னர் சொன்னதை இன்னும் சற்று விரிக்க வேண்டியிருக்கிறது. உண்மையான அபாயம் அங்கேதான் இருக்கிறது. அறுந்த ஃபியூஸுக்கு உரிய உதிரிப்பாகம் கையில் இல்லாதபோது, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து ஓட்டிக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இயந்திரம் ஓடும், வீட்டாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஃபியூஸ் சும்மா அறுந்ததன்று. காற்று அடைபட்டதனால் அறுந்தது, அல்லது தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டதனால் அறுந்தது. அந்தக் காரணம் அப்படியே இருக்க, காவல் மட்டும் போய்விட்டது. செந்தணலாகும் கம்பிச் சுருள், அதைச் சுற்றிக் காய்ந்த பஞ்சு, ஊதிவிட ஒரு விசிறி. அடுப்பு மூட்டுவதற்கு இவற்றைவிட வேறென்ன வேண்டும்?

இது கற்பனைப் பயமன்று. அமெரிக்க நாட்டில் 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளில், வீட்டுத் துணி உலர்த்திகளால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நேர்ந்ததாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. அவற்றில் நூற்றுக்கு 34, சுத்தம் செய்யத் தவறியதால் வந்தவை. பிரிட்டனில் 2004-க்கும் 2015-க்கும் இடையே விற்பனையான வேர்ல்பூல் நிறுவனத்தின் சில உலர்த்தி வகைகளில், பஞ்சு சுருளின்மேல் பட்டுத் தீப்பிடிக்கும் குறை இருப்பது 2015-இல் வெளிப்பட்டது. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியிலுள்ள அடுக்குமாடிக் கட்டிடத்தில் மூண்ட தீ, இத்தகைய உலர்த்தி ஒன்றிலிருந்தே தொடங்கியது. திருத்தப்படாமல் மிஞ்சிய இயந்திரங்களைத் திரும்பப் பெறும் நடவடிக்கை 2019-இல் தான் வந்தது. தனித்தனி வீடுகள் நிறைந்த ஊரிலும் அடுக்குமாடியிலும் நேர்ந்தது, சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் நேர்ந்தால் ஒரு வீட்டோடு நிற்காது.

இன்னொன்றையும் நம்மவர்கள் தனியே கவனிக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தை நாம் கடல் தாண்டியும் விட்டதில்லை. சனிக்கிழமையோ தீபாவளியோ, நல்லெண்ணெய் ஊறிய துண்டு ஒன்றிரண்டு சலவைக்கு வரும். ஒரு முறை துவைத்தால் எண்ணெய் முழுவதும் போவதில்லை. நல்லெண்ணெய் போன்ற எண்ணெய்கள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து தாமாகவே வெப்பம் உண்டாக்கும் இயல்புடையவை. துணி ஏற்கெனவே சூடாக இருந்தால் அவ்வெப்பம் விரைந்து பெருகும். தேங்காயெண்ணெயில் இந்தக் குணம் குறைவு என்றாலும், அதுவும் எரியும் பொருளே. உலர்த்தி தன் வேலையை முடிக்கும்போது, கடைசிச் சில நிமிஷங்கள் சுருளை அணைத்துவிட்டு வெறுங்காற்றை மட்டும் செலுத்தித் துணியை ஆற்றுகிறது. பாதியில் நின்றுபோனால் அந்த ஆற்றுதல் நடப்பதில்லை. சூடான துணிகள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து, மூடிய பெட்டிக்குள் கிடக்கும். நடுவிலிருக்கும் எண்ணெய்த் துண்டின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். சலவை நிலையங்களில் மணிக்கணக்கு கழித்துத் தீப்பற்றுவது இவ்வகையாலும் நேர்ந்திருக்கிறது.

ஆகையால் இயந்திரம் நின்றவுடன் முதலில் செய்யவேண்டியது, காரணத்தைத் தேடுவதன்று. பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து, துணிகளை வெளியே எடுத்து விரித்துப் போடுவது. மின்சாரம் தடைப்பட்டு நின்றாலும் இதையே செய்ய வேண்டும். மின்சாரம் திரும்பியதும் பெரும்பாலான உலர்த்திகள் தாமாகத் தொடங்கமாட்டா. பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும். ஆனால் கதவைத் திறக்கையில் கருகிய வாடை கனமாக வந்தாலோ, உள்ளே புகை தெரிந்தாலோ உடனே மூடிவிட வேண்டும். காற்றுப் புகுந்தால் தீ எழும். மின்பலகையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அனைவரும் வெளியேறி, 101 அல்லது 112 என்ற எண்ணுக்குச் சொல்வதே செய்யத்தக்கது. எண்ணெய்த் துண்டைப் பொறுத்தவரை, அதை இயந்திரத்தில் போடாமல் கொடியிலேயே விடுவது நல்லது. நாள் கூடினாலும் பாதகமில்லை.

கடைசியாக, பழுது பார்ப்பவரிடம் பேசும் மொழியைப் பற்றி ஒரு சொல். வேற்று மாநிலத்தில் வாழ்கிறவர்கள் படும் சிரமங்களில் இதுவும் ஒன்று. பாதிக் கோளாறு மொழிபெயர்ப்பிலேயே மறைந்துபோகிறது. இயந்திரத்தோடு வரும் கையேட்டில் பழுது என்று அச்சிட்டிருப்பது பல இடங்களில் பழுதன்று, எச்சரிக்கை. எழுத்தும் எண்ணுமாக முகப்பில் தோன்றும் குறியீட்டை அழித்துவிடாமல் அப்படியே எழுதி வைத்துக் காட்டுவது நன்று. கேரளத்தில் இருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. மலையாளத்தில் உலர்த்துவதை உணக்குக என்பார்கள்; கருவாட்டுக்கு உணக்கமீன் என்று பெயர். உணக்குதல், உணங்கல் என்பன நம் பழந்தமிழிலும் உள்ள சொற்களே. சுழல்வதற்கு அவர்கள் சொல்லும் கறங்குதலும் அப்படியே. நாம் ஏட்டில் விட்டுவைத்தவற்றை அவர்கள் சந்தையில் வழங்குகிறார்கள்.

இந்த இரண்டு சொற்களைக் கொண்டே கோளாற்றை ஐயமறச் சொல்லிவிடலாம். சூடுண்டு, கறங்குன்னில்ல என்றால் அவர் பெல்ட்டோடு வருவார். கறங்குன்னுண்டு, சூடில்ல என்றால் ஃபியூஸையும் தெர்மோஸ்டாட்டையும் கம்பிச் சுருளையும் சோதிக்கும் கருவியோடு வருவார். எத்தனை நிமிஷம் ஓடி நின்றது, ஆறிய பின் ஓடியதா, காலையிலா மாலையிலா என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அவருக்கு வேலை பாதி முடிந்தது. வெப்ப ஃபியூஸை மாற்றினாரானால், பழையதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும், அது ஏன் அறுந்தது என்று கேட்பதும் நம் உரிமை. குழாயுள்ள வகையாயின், அவர் புறப்படுமுன் இயந்திரத்தை ஓடவிட்டு, வீட்டின் வெளிப்புறத்தில் குழாயின் வாய்க்கு நேரே கையை நீட்டிப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளங்கையில் வலுவாக வந்து மோதினால் வழி திறந்திருக்கிறது. மூச்சுபோல் மெல்லப் பட்டால், பஞ்சு இன்னும் உள்ளேதான் இருக்கிறது.